துரை அறியாததல்ல

மலாயாவில், தங்காக் என்ற ஊரில், ஒரு துணிக்கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருந்த காலத்தில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று தைப்பது. மற்றது, தோட்டத்துச் சனங்களுக்கு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுப்பது. பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் இல்லை இது. அட்டை போன ஓர் அகராதியும், வருகிறவர் போகிறவரிடம் பேச்சுக் கொடுத்துக் கறந்ததும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். அவளுக்கு ஆறு மாதம். அவள் பால் வெட்டும் மர நிரை மலைச் சரிவில் இருந்தது. வெட்டி முடித்ததும் இரண்டு வாளிப் பாலைக் காவடித் தடியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். முன்னே இரண்டு தடவை, ஏழாம் மாதத்தில், அந்தச் சரிவிலேயே பிள்ளை கலைந்திருந்தது. நிரையை மாற்றச் சொன்னால், துரை உத்தரவு வேண்டும் என்கிறாராம் கங்காணி.

"மட்டத்துல ஒரு நிரை குடுத்தாப் போதும்ண்ணே," என்றாள் அவள். "சும்மா ஒக்காந்திருக்கக் கேக்கல. இந்தப் புள்ளயாவது தங்கணும்."

"துரைக்கு விஷயம் தெரியுமா?"

"தெரியாம என்ன? ரெண்டு தடவையும் லீவுச் சீட்டுல கையெழுத்துப் போட்டது அவருதானே," என்றான் புருஷன்.

நம் சனங்களின் பேச்சில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று உண்டு. பெரிய மனிதரிடம் எதைக் கேட்கப் போனாலும், "ஐயாவுக்குத் தெரியாததா?" என்றுதான் தொடங்குவார்கள். ஊருக்குப் போடும் கடிதத்தில் அதுவே "தாங்கள் அறியாததல்ல" என்று ஆகிவிடும். கேட்கப்படுகிறவரை முதலில் நல்ல நாற்காலியில் உட்கார வைப்பது போன்ற பேச்சு அது. துரைக்கும் அந்த நாற்காலியைப் போட நினைத்தேன். அகராதியில் 'அவேர்' என்று ஒரு சொல் கிடைத்தது. துணி பற்றாத சட்டை மாதிரி குட்டையாக இருந்தது. இன்னும் புரட்டி, 'காக்னிஸன்ட்' என்பதைப் பிடித்தேன். அறிந்திருக்கிற, என்று பொருள் போட்டிருந்தது. நீளமும் கனமும் துரைக்குத் தகுந்த மாதிரி இருந்தன. இவளுடைய இரண்டு பிள்ளைகள் அந்தச் சரிவில் போனதைத் துரையவர்கள் 'காக்னிஸன்ட்' என்று முதல் வரியிலேயே எழுதி, இரண்டு முறை வாசித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அந்தத் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் பெரிய கிராணி கடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், காற்சட்டை தைக்க என்னிடம்தான் வருவார். அன்று துணி கொண்டுவரவில்லை.

"உம்மைத்தான் தேடி வந்தனான். அந்தச் சொல்லை இந்தத் தங்காக்கில வேற ஆர் எழுதப்போறான்?"

"நல்லா இருந்துச்சா ஐயா?" என்றேன், மடையன்.

"நல்லா இருந்ததோ! துரை கடதாசியை மேசையில அடிச்சுப்போட்டுக் குதிக்கிறார். அது கோட்டில புழங்கிற சொல் தம்பி. நீதவான் ஒரு குற்றத்தை விசாரணைக்கு எடுத்தால் காக்னிஸன்ஸ் எண்டு சொல்லுவினம். ஒருத்தர் காக்னிஸன்ட் எண்டால், அவருக்குத் தெரியும். தெரிஞ்சபடியால் பதிலும் சொல்லவேணும். ரெண்டு பிள்ளை போனது தெரிஞ்சும் அவளை அங்கையே விட்டனீர் எண்டு நீர் அவர்ர முகத்துக்கு நேர எழுதிப்போட்டீர்."

"ஐயோ, மரியாதைக்குத்தானே எழுதினேன்!"

"உம்மட மரியாதை அவருக்கு வழக்காத் தெரியுது."

"அந்தக் குட்டைச் சொல்லைப் போட்டிருந்தா?"

"அவேரோ? அதுக்கும் முகம் சுளிச்சிருப்பார். எண்டாலும் அது காதில விழுந்த அளவோட நிக்கும். இது கையெழுத்து வாங்கின மாதிரி."

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் அவள் புருஷனை எல்லார் முன்னாலும் நிறுத்தி, எனக்குத் தெரியும் என்று உனக்கு யார் சொன்னது என்று துரை கேட்டிருக்கிறார். கிராணி என் பேரைச் சொல்லவில்லை. ஒரு வழியும் கொண்டுவந்திருந்தார். முந்தின மனுவில் சொன்னது பிழை, துரைக்கு அப்படி ஒன்றும் தெரியாது, உடம்பு பலவீனமாக இருப்பதால் நிரை மாற்றிக் கேட்கிறோம் என்று புது மனு எழுத வேண்டும். பிள்ளைகள் பேச்சே வரக்கூடாது.

மத்தியானம் இருவரும் வந்தார்கள். கேட்டதும் புருஷன் கத்தினான்.

"ரெண்டு குழியும் நான் தோண்டுனேன். ஒண்ணுமே நடக்கலேன்னு நானே ரேகை வைக்கணுமா?"

"வைக்கக் கூடாது," என்றேன் நானும். எனக்கும் ஆத்திரம். என் எழுத்தை நானே பொய் என்று எழுதுவதா? கோர்ட்டுக்குப் போகலாம், பத்து பகாட் பட்டணத்தில் வக்கீல் இருக்கிறார் என்று என்னென்னவோ பேசினோம். அவள் துணிக்கட்டில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் நாயம் பேசி முடிங்க," என்றாள் கடைசியில். "நாளைக்கு வாளி தூக்கப்போறது நான். தெரியாதுன்னே எழுதுங்கண்ணே."

எழுதினேன். ஒரு மனுவை எழுத அத்தனை மை நான் கொட்டியதில்லை. அவன் பெருவிரலைக் காகிதம் நைந்துபோகிற அளவுக்கு அழுத்தினான்.

ஒன்பதாம் நாள் மட்டத்தில் நிரை கிடைத்தது. அதுவரை அவள் வாளியோடு அந்தச் சரிவில்தான் இறங்கினாள். பிள்ளை தங்கியது. பெண். சட்டைக்குத் துணி எடுக்க அவள் ஒருத்திதான் வந்தாள். புருஷன் என் கடை வாசலை அதற்கப்புறம் மிதிக்கவில்லை.

சில மாதம் கழித்துக் கிராணி காற்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். முதல் மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அண்டைக்கே கிழிச்சுப்போட்டார். ரெண்டாவது மட்டும் பைலில பத்திரமாக் கிடக்கு."

"அந்தச் சரிவு நிரை இப்ப யாருக்கு?"

"புதுசாக் கலியாணம் கட்டின ஒரு பெட்டைக்கு. போன மாசம் கப்பலில வந்தது."

"அவளுக்கு ஏதாச்சும்னா எங்கிட்ட அனுப்புங்க. நான் எழுதுறேன்."

"என்னெண்டு எழுதுவீர்?" என்றார் கிராணி, கையைத் தூக்கி அளவுக்கு நின்றபடி. "அங்க ஒண்டும் நடக்கேல்லை எண்டு எழுதித் தந்தது நீர்தானே?"

இடுப்பளவை மூன்று தடவை எடுத்தேன். மூன்றும் வெவ்வேறாக வந்தன. "நாளைக்கு வாங்க ஐயா" என்று அவரை அனுப்பிவிட்டேன்.