முந்திரித் தோப்பில் பதில் கொடுத்த ஹார்ன்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சர்க்கரை ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் அளந்து பார்த்து, எண்ணிப் பார்த்து, சந்தேகம் தீராமல் இன்னொரு முறையும் எண்ணிப் பார்த்துத்தான் நம்புவேன். தட்டில் விழுகிற இட்லியை எண்ணுவேன், பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் மைல்கல்லை எண்ணுவேன், என் மனைவி இருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாள். அப்படிப்பட்டவன் சொல்கிறான் என்பதற்காகவாவது கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அவள் போன பிறகு சிதம்பரத்தில் அந்த வீடு எனக்குப் பெரிதாகிவிட்டது. பையன் வெளிநாட்டில் இருக்கிறான், அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரி, அதனால் அவனும் நானும் போனில் குரலைப் பதிவு செய்து அனுப்பிக்கொள்வதோடு சரி. பேச ஆள் இல்லாத வீட்டில் மனசு சும்மா இருக்காது, எல்லாவற்றுக்கும் கவலைப்பட ஆரம்பிக்கும். ஒருநாள் பழைய மொபெட்டில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வரப்போரம் மண்பாதையில் போனேன். சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்வதிலேயே மனசு முழுக்க நின்றது, வேறு எந்த நினைப்புக்கும் இடமில்லை. அன்றைக்குத்தான் காடு மேடு ஓட்டுகிற வண்டி ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன்.

மனைவியின் தம்பி பாஸ்கர் தலையில் கை வைத்துக்கொண்டான். "மாமா, ஒங்க வயசுல எல்லாரும் காசிக்குப் போறாங்க. நீங்க முந்திரிக் காட்டுக்குப் போறேங்கறீங்க. அக்கா இருந்திருந்தா இந்த கூத்து நடக்குமா?"

"அவ இருந்திருந்தா நான் ஏன்டா வண்டி வாங்கப் போறேன்" என்றேன். மறுநாள் அவனேதான் கடலூர் ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

மற்றவர்கள் வண்டி வாங்கும்போது எத்தனை குதிரைச் சக்தி, எவ்வளவு வேகம் என்று பார்ப்பார்கள். நான் பார்த்தது மூன்றுதான். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையைத் தொட வேண்டும். அலாய் சக்கரம் கல்லில் அடித்தால் விரிசல் விடும், அதனால் கம்பி வைத்த சக்கரமாக இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம், வண்டி கீழே விழுந்தால் என் ஒருவனால் அதைத் தூக்கி நிறுத்த முடிய வேண்டும். ஏனென்றால் என்னோடு வர யாரும் இல்லை. வண்டியை ஒருமுறை தரையில் படுக்க வைத்துக் காட்டச் சொன்னேன்.

விற்பனைப் பையனுக்கு வேர்த்துவிட்டது. "சார், புது வண்டிய படுக்க வெக்கிறதா? மொதலாளி என்னையப் படுக்க வெச்சிடுவாரு."

கடைசியில் பட்டறைக்குப் பின்னால், சாக்கு விரித்து, ஓட்டிக்காட்டுவதற்கு வைத்திருக்கிற வண்டியைப் படுக்க வைத்தார்கள். பெரிய வண்டி அசையக்கூட இல்லை. சின்னதை முக்கி முனகித் தூக்கிவிட்டேன், அதையே எடுத்தேன். கம்பெனி ஹார்ன் ஈனமாகக் கத்தியது, பண்ருட்டியில் ஒரு கடையில் இரட்டை ஹார்னாக மாற்றிக்கொண்டேன். பழைய மெத்தையை வாசலில் போட்டு, வண்டியை அதன்மேல் சாய்த்து, இருக்கைக்கு முதுகைக் கொடுத்துக் காலால் உந்தித் தூக்கிப் பழகினேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

பராமரிப்பிலும் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு முறை மண்ணுக்குள் போய் வந்ததும் சங்கிலியை மண்ணெண்ணெய் விட்டுத் துலக்கி எண்ணெய் போடுவேன், காற்று வடிகட்டியின் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைப்பேன், சக்கரக் கம்பிகளை ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணுவேன், கணீரென்று கேட்காமல் மந்தமாகக் கேட்கிற கம்பி தளர்ந்த கம்பி. ஒன்றே ஒன்றில்தான் சோம்பல். மணலில் ஓட்டுவதற்கு டயரில் பாதிக் காற்றையாவது இறக்கிவிட வேண்டும், தார்ச்சாலைக்கு வந்ததும் கைப்பம்பால் மறுபடி அடிக்க வேண்டும். அது மூச்சு வாங்குகிற வேலை என்று பல நாள் இறக்காமலே ஓட்டிவிடுவேன்.

அன்றைக்கும் அப்படித்தான் ஓட்டினேன். மங்கலம்பேட்டை தாண்டி, முன்பின் போயிராத ஒரு முந்திரித் தோப்புக்குள் வண்டிப்பாதை இறங்கியது. மாசி கடைசி. கொட்டை விழத் தொடங்குவதற்கு முன் மரத்தடிகளையெல்லாம் சருகு இல்லாமல் கூட்டி வைப்பார்கள், விழுகிற கொட்டை கண்ணில் படவேண்டுமே அதற்காக. கூட்டி முடித்து ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். செம்மண் தரை விளக்குமாற்றுக் கோடுகளோடு அவ்வளவு சுத்தமாகக் கிடந்தது. பட்டப்பகல், உச்சி வெயில், ஒரு காக்கைகூட இல்லை.

பாதை மணலாக மாறிய இடத்தில் முன் சக்கரம் புதைந்து திரும்பிக்கொண்டது. கண் மூடித் திறப்பதற்குள் வலப்பக்கமாக விழுந்தேன், வலது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வலி பெரிதாக இல்லை, ஆனால் இழுத்தால் வரவில்லை. கெண்டைக்காலுக்குப் பக்கத்திலேயே சைலன்சர் கொதிக்கிறது. பெட்ரோல் மூடி ஓரமாகச் சொட்டுச் சொட்டாக ஒழுகுவது தெரிந்தது. செல்போன் வலப் பக்கத்துப் பையில், என் உடம்புக்கு அடியில். நான் எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. மறைத்ததல்ல, சொல்வதற்கு வீட்டில் யாரும் இல்லை, அவ்வளவுதான். நான் வரவில்லை என்று கவலைப்பட ஆரம்பிப்பதற்கே ஆளில்லையே என்ற நினைப்பு வந்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது.

இடது கைப்பிடி மேலே நீட்டிக்கொண்டிருந்தது. எட்டி ஹார்னை மூன்று முறை அழுத்தினேன்.

தோப்புக்குள்ளிருந்து மூன்று முறை பதில் வந்தது.

எதிரொலி என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு முறை அழுத்தினேன், கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு வந்தது. நான் ஒன்றும் அழுத்தாமல் சும்மா இருந்தேன். அது தானாக ஒருமுறை அடித்தது. எதிரொலி அப்படிச் செய்யுமா, நீங்களே சொல்லுங்கள்.

பிறகு ஒரு வண்டி வரும் சத்தம் கேட்டது. எனக்கு முன்னால், நான் இன்னும் போயிராத திசையிலிருந்து வந்து, கிளை தரைவரை தாழ்ந்திருந்த ஒரு முந்திரி மரத்துக்குப் பின்னால் நின்றது. இலைக்கூட்டத்தில் ஆள் தெரியவில்லை. ஒரு கிழட்டுக் குரல், கொஞ்சம் கரகரப்பு.

"மொதல்ல சாவிய ஆஃப் பண்ணுங்க. பெட்ரோல் ஒழுகுது, ஹார்ன் அடிக்காதீங்க."

அணைத்தேன். "சார், கால் மாட்டிக்கிச்சு, கொஞ்சம் வந்து தூக்கி விடுங்களேன்" என்றேன்.

"என்னால வர முடியாது. கால இழுக்காதீங்க. காலுக்குக் கீழ மண்ணப் பறிங்க. மணலுதான, வரும்."

வந்து ஒரு கை கொடுக்காமல் யோசனை சொல்லிக்கொண்டு நிற்கிறாரே என்று கோபம் வந்தது. ஆனாலும் பறித்தேன். விரல் நகத்துக்குள் மண் ஏற ஏறப் பறித்தேன். நடுவில் நிறுத்தினால் அந்தக் குரல் வரும். "அவசரப்படாதீங்க. சைலன்சர் பக்கம் கை போவுது பாருங்க."

"தனியாவா வந்தீங்க சார்?" என்று கேட்டேன், அவர் போய்விடக் கூடாதே என்று.

"ஆமா."

"நானும்தான்."

"தெரியும்" என்றது குரல்.

கால் வெளியே வந்தது. நொண்டிக்கொண்டே எழுந்து கையால் வண்டியைத் தூக்கப் போனேன். "கையால வேணாம், இடுப்பு போயிடும். சீட்டுக்கு முதுகக் குடுத்து உந்துங்க." அப்படியே செய்தேன், நின்றது. நன்றி சொல்ல மரத்துக்குப் பின்னால் போனேன்.

யாருமில்லை. வண்டியும் இல்லை. ஆனால் கூட்டி வைத்த தரையில் டயர் தடம் அச்சுக் குத்தியது போல் இருந்தது. என் பின் டயரில் பிடிப்புக்காகப் புடைத்திருக்கும் ரப்பர்க் கட்டைகளில், ஓரத்தில் ஒன்று உடைந்த போர்வெல் குழாயில் பட்டுப் பிய்ந்து போயிருந்தது, அதனால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் தடத்தில் ஓரிடத்தில் கட்டையின் அச்சு விழாத வெற்றிடம் வரும். அந்தத் தடத்திலும் அந்த வெற்றிடம் வந்தது. குனிந்து இடையிலிருந்த கட்டைகளை எண்ணினேன். எழுந்து வந்து என் வண்டித் தடத்தில் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். ஒன்றேதான். தடம் தோப்பின் அந்தக் கோடியிலிருந்து வந்து மரத்தடியில் நின்றிருந்தது. பக்கத்தில் சைடு ஸ்டாண்டு குத்திய குழி. அங்கிருந்து திரும்பிப் போன தடம் எந்தப் பக்கமும் இல்லை.

எப்படி வண்டியை எடுத்தேன், எப்படி வீடு வந்தேன் என்று கேட்காதீர்கள்.

பாஸ்கரிடம் சொன்னேன். "வெயில்ல மண்டை காஞ்சிருக்கும் மாமா. நீங்களே ஒரு சுத்து சுத்தி வந்து மறந்திருப்பீங்க" என்றான். அந்தக் குரல்? "அது யாரோ தோப்புக் காவல்காரன். பீடி குடிக்க வந்திருப்பான்." அதோடு நிறுத்தவில்லை, நான் விழுந்ததைப் பையனுக்கும் சொல்லிவிட்டான். பையனிடமிருந்து குரல் பதிவு வந்தது. "அப்பா, வண்டிய வித்துடுங்க, ப்ளீஸ். அங்க தனியா கெடந்து ஏதாவது ஆச்சின்னா எனக்கு யாருப்பா சொல்லுவாங்க?"

சரி, விற்றுவிடுகிறேன் என்று பதில் பதிவு செய்தேன். எல்லாவற்றையும் சரிபார்க்கிற நான், என் பதிவுகளை மட்டும் இதுவரை திரும்பக் கேட்டதில்லை, அன்றைக்கு ஏனோ தோன்றியது. காதில் வைத்துக் கேட்டேன். "அவசரப்படாத கண்ணா, வித்துடுறேன்" என்று ஆரம்பித்தது. கொஞ்சம் கரகரப்பு. தோப்பில் கேட்ட அதே குரல். நம் குரல் வெளியே எப்படிக் கேட்கும் என்று நமக்கே தெரியாது என்பார்கள், எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

பண்ருட்டியிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். பிடித்துப் போய்ச் சாவியைக் கேட்டார். கொடுக்க முடியவில்லை. "என்ன மாமா வெளையாடுறீங்களா?" என்று பாஸ்கர் கோபித்துக்கொண்டு போனவன் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. பையனிடம் விலை படியவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

தோப்பில் பேசியவனும் நான்தானே, இந்த வண்டியை விற்றுவிட்டால், அன்றைக்கு எனக்குப் பதில் கொடுக்க அந்தத் தோப்புக்குள் யார் போவார்கள்? போகலாம் என்றால், போன தடம் இருக்கிறது, திரும்பிய தடம் இல்லை. இரண்டில் எதையும் செய்யாமல், மங்கலம்பேட்டை சாலையில், அந்தத் தடம் வந்த கோடிக்குப் பாதை பிரிகிற இடம் வரை போகிறேன். எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கிறேன். இப்போதெல்லாம் டயரில் காற்றை இறக்கிவிட்டுத்தான் நிற்கிறேன், எதற்கென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உள்ளேயிருந்து இதுவரை ஒரு ஹார்ன் சத்தமும் வரவில்லை. வந்தால் எத்தனை முறை வரும் என்று மட்டும் தெரியும். இடது கட்டைவிரலைப் பட்டன்மேலிருந்து எடுக்காமல், வெயில் சாயும்வரை காது கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறேன்.