வலிக்குது என்று சொல்லாத டீச்சர்

ஜெர்மன் டீச்சருக்கு நம் மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்று வகுப்பே நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? முதல் நாள் உள்ளே வந்ததிலிருந்து அந்த அம்மாள் ஜெர்மனைத் தவிர எதையும் பேசவில்லை. மழை என்றால் குடையை விரிப்பார், பசி என்றால் வயிற்றைத் தடவுவார், தூக்கம் என்றால் மேசைமேல் தலை சாய்த்துக் குறட்டையே விடுவார். பார்த்துக் கண்டுபிடித்து ஜெர்மனில் கத்த வேண்டும். 'பொம்மலாட்டம்' என்று அவர் முன்னாலேயே பட்டப்பெயர் வைத்துப் பேசிக்கொண்டார்கள். வகுப்பு முடிந்ததும் யாரிடமும் வாய் கொடுக்காமல் பஸ் ஏறிவிடுவார்.

படிக்க வந்தவர்களில் பட்டறை மெக்கானிக் ஒருவர் தப்புத் தப்பாகப் பேசியே வெளுத்து வாங்கினார். டீச்சர் தப்பென்று சொல்லமாட்டார். அதே வாக்கியத்தைச் சரியாகத் திருப்பிச் சொல்லித் தலையாட்டுவார், அவ்வளவுதான். அதனால் எல்லோருக்கும் துணிச்சல் வந்துவிட்டது, கடைசி பெஞ்சு நர்ஸைத் தவிர. ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே அதட்டி வைத்திருப்பவள், இங்கே வாயில் பிளாஸ்திரி ஒட்டியது போல உட்கார்ந்திருந்தாள். வெளிநாட்டில் அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது. வாய்மொழித் தேர்வில் தேறினால் கிடைக்கும். இல்லாவிட்டால் வேறொருத்திக்குப் போய்விடும். வீட்டில் வேலையிழந்த கணவன், இரண்டு பிள்ளைகள்.

"இன்னியோட சரிண்ணே. நாளைக்கு நான் வரல. என் மூஞ்சிக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று ஒரு நாள் வகுப்பு தொடங்கும் முன் மெக்கானிக்கிடம் சொன்னாள். டீச்சர் பக்கத்தில்தான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் இருப்பதை யார் பொருட்படுத்தினார்கள்?

எங்கே வலிக்கிறது என்று கேட்பதுதான் அன்றைய பாடம். டீச்சர் தலையைப் பிடித்துக்கொண்டு முனகினார். "தலை!" என்று ஜெர்மனில் கத்தினார்கள். பல்லும் ஆயிற்று. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினார். "வயிறு! வயிறு!" என்று வகுப்பு கூவியது. டீச்சர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அடடா, என்ன நடிப்பு என்று மெக்கானிக் கைதட்ட, மற்றவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

டீச்சரின் உதடு வெளுத்து, நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்ததை நர்ஸ் பார்த்துவிட்டாள்.

"அடப்பாவிகளா, கைதட்டுறீங்களே! ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!"

பெஞ்சைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து மண்டியிட்டாள். நோயாளிக்கோ ஜெர்மன் மட்டும்தான் தெரியும். வேறு வழி?

"வோ?" என்றாள். எங்கே?

டீச்சர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு ஜெர்மனில், "வயிறு" என்றார்.

"ஹியர்?" இங்கேயா? தொப்புள் பக்கம் அழுத்தினாள். இல்லை. "ஹியர்?" வலது அடிவயிற்றை அழுத்திச் சட்டென்று விட்டாள். டீச்சர் அலறிவிட்டார். நேற்றிலிருந்தா, காய்ச்சலா, வாந்தியா? தெரிந்த வார்த்தைகளை முன்னும் பின்னுமாகப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றுக்கும் ஜெர்மனிலேயே பதில் வந்தது. வண்டி வந்ததும், "குடல்வால் மாதிரி இருக்கு, சீக்கிரம்" என்று ஒப்படைத்தாள்.

அறுவை முடிந்து, பார்க்க அனுமதித்த அன்று வகுப்பே கிளம்பியது. நர்ஸ் முந்திக்கொண்டு அறைக்குப் போனாள். கதவுக்கு வெளியிலேயே கேட்டது.

"இந்தத் தலகாணி கல்லு மாதிரி இருக்கு. நீங்க ஒரு நாளாவது ஒரு பொருள ஒழுங்கா எடுத்துட்டு வந்திருக்கீங்களா?"

டீச்சர்தான். கணவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார், நம் மொழியில், மூச்சு விடாமல்.

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேசுவீங்களா நீங்க? அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வெடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? உயிரோட வெளையாடுவாங்களா?"

"அம்மான்னு கத்தத்தான் வாயத் தெறந்தேன்மா," என்றார் டீச்சர். "அதுக்குள்ள நீ 'வோ'ன்னுட்ட. இத்தன வாரமா நீ வாயத் தெறக்க மாட்டியான்னுதானே காத்துக்கிட்டு இருந்தேன். நான் நம்ம பாஷைல பேசியிருந்தா, நீயும் அதுலயே பேசிட்டு, அவர்கிட்ட சொன்ன மாதிரி மறுநாள் வராம நின்னிருப்ப."

நர்ஸுக்குக் கண் கலங்கியது. கோபமும் குறையவில்லை. "பைத்தியமா உங்களுக்கு?" என்றாள்.

நடைவழியில் மெக்கானிக்கின் குரல் கேட்டது. நலம் விசாரிக்க ஒரு ஜெர்மன் வாக்கியத்தைச் சத்தமாக மனப்பாடம் செய்தபடி மற்றவர்களோடு வந்துகொண்டிருந்தார். நர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீச்சரின் தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். பிறகு அவர் கணவர் பக்கம் திரும்பினாள்.

"சார், எல்லாரும் வர்றாங்க. அவங்க போற வரைக்கும் நீங்களும் வாயத் தெறக்கக் கூடாது."