பஞ்சைக் கடித்திருந்த முக்கால் மணி நேரம்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. தேதி பார்க்காமல் பால் பாக்கெட் வாங்க மாட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி காரணமில்லாமல் சிரித்தால் பையை மடிக்கு மாற்றிக்கொள்வேன். மொரப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். வழிமுறை இல்லாமல் விடை மட்டும் சரியாக இருக்கும் தாளைக் கண்டால், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றுதான் முதலில் யோசிப்பேன். அப்படிப்பட்டவள் இரண்டாவது முறை மாசமாக இருந்தபோது எப்படி இருந்திருப்பேன் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் குழந்தை பெண். எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு தரித்தால் ஊர் ஒரு மாதிரி பேச ஆரம்பிக்கும். 'இந்தவாட்டியாவது' என்று தொடங்குவார்கள், முடிக்க மாட்டார்கள். வயிற்றில் இருப்பது என்ன என்று கேட்பதும் சொல்வதும் குற்றம் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். இருந்தும், கோயிலுக்கு என்று கிளம்பி, வயிறு காலியாகித் திரும்பிய பெண்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் பிரசாதம் கேட்டதில்லை.

ஐந்தாம் மாதத்தில் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது. கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். கன்னம் வீங்கிச் சோறு இறங்காமல் போனது. மருந்துக்கடை மாத்திரையைத் தொடப் பயம். மாதப் பரிசோதனைக்குப் போனபோது நர்சம்மாவிடம் சொன்னேன்.

"அஞ்சாம் மாசம் பல்லுக்கு நல்ல நேரந்தாங்க டீச்சர். எத்தன மாசம்னு பல் டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லிருங்க. சீழை உள்ளயே வெச்சிக்கிட்டு இருந்தாத்தான் ஒங்களுக்கும் கஷ்டம், புள்ளைக்கும் கஷ்டம்" என்றார்.

என்னை ஏமாற்றி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று யோசித்துப் பார்த்துத்தான் நம்பினேன்.

சந்தேகம் பிடித்தது வீட்டில் சொன்ன பிறகுதான். என் மாமியார் பப்பாளியைக் கண்ணில்கூடக் காட்டாதவர். கிரகணத்தன்று அறைக் கதவைச் சாத்தி வைத்தவர். பக்கத்து வீட்டு அம்மாள், "மாசமா இருக்கறப்ப பல்லப் புடுங்கலாமா?" என்று இழுத்தபோது, "தாராளமாப் புடுங்கலாம்" என்று ஒரே போடாகப் போட்டார். அதோடு விட்டாரா? "நானும் வர்றேன் கண்ணு" என்றார். கம்பைநல்லூர் சந்தையைத் தாண்டி எங்கேயும் வராத மனுஷி.

என் வீட்டுக்காரரோ, என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவதையே பெரிய உபகாரமாக நினைப்பவர். நண்பரின் காரைக் கேட்டு வைத்துவிட்டார். "சேலத்துல பெரிய ஆஸ்பத்திரியா பாக்கலாம்" என்றார். ஒரு பல்லுக்கு எதற்குச் சேலம்? அந்த நாட்களில் அவர் போனை எடுத்துக்கொண்டு அடிக்கடி வாசலுக்குப் போனார். அவர் போகும்போதெல்லாம் மாமியாரும் எழுந்து போய்க் கதவோரம் நின்றார். அம்மாவும் மகனும் கூடிப் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். என் பல்லைச் சாக்காக வைத்து என் பிள்ளையை எடுக்கப் பார்க்கிறார்கள் என்றே நினைத்தேன்.

சேலம் வேண்டாம், தர்மபுரிதான் என்று அடம்பிடித்தேன். உடன் வேலை செய்யும் டீச்சர் போய்வந்த கிளினிக்கை நானே தேர்ந்தெடுத்தேன். பலகையில் பல் படத்தைத் தவிர வேறெதுவும் இல்லை என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத்தான் படியேறினேன்.

டாக்டர் ஒரு பெண். மாமியாரை வெளியே உட்காரச் சொன்னார். அவர் அசையவில்லை, நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். காவலுக்கு நிற்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. "சின்னதா ஒரு படம் எடுக்கணும்மா" என்று டாக்டர் சொன்னதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன்.

"என்ன படங்க? அதுல என்ன தெரியும்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். எங்கள் மாவட்டத்தில் வேலை செய்கிறவர்தானே, புரிந்துவிட்டது. "பல்லோட வேர் தெரியும். வேற எதுவும் தெரியாது" என்றார். கனமான ஒரு அங்கியை எடுத்து என் வயிற்றின் மேல் அவரே போர்த்திவிட்டார். "இது இருந்தா கதிர் அந்தப் பக்கம் போகாது, பயப்படாதீங்க."

மரத்துப்போகும் ஊசியைப் பற்றிக் கேட்டேன். மாசமாக இருப்பவர்களுக்குக் கொடுக்கிற மருந்துதான் என்றார். மருந்துக் குப்பியைக் காட்டச் சொல்லி வாங்கிப் படித்தேன். சிரித்துக்கொண்டே காட்டினார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும் என்று, இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும்படி இடுப்புக்குக் கீழே ஒரு தலையணையைச் செருகினார். பல் வந்துவிட்டது. பஞ்சை வைத்து, "முக்கால் மணி நேரம் கடிச்சிக்கிட்டே இருங்க. பேசாதீங்க, துப்பாதீங்க. வலிச்சா நான் எழுதிக் குடுத்த மாத்திரைய மட்டும் போடுங்க" என்றார். பாதி உதடும் பாதி நாக்கும் என்னுடையவையாக இல்லை. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை, பல்லைத்தான் எடுத்தார்கள். வீணாகப் பயந்தோம் என்று காரில் ஏறியபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

எங்கள் ஊருக்குக் கிழக்கே போக வேண்டும். கார் தெற்கே, நல்லம்பள்ளி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. அடுத்து வந்த பலகையில் சேலம் என்று இருந்தது.

நான் முன் சீட்டைத் தட்டினேன். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் திரும்பாமலே பேசினார். "தெரிஞ்ச எடம் ஒண்ணு இருக்குது. சும்மா என்னன்னு பாத்துக்கலாம். ஆருக்கும் தெரியாது. பாத்துக்கிட்டா மனசுக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதான்."

வேண்டாம் என்று கத்தினேன். வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. எச்சிலும் ரத்தமும்தான் தாடையில் வழிந்தன. என் பிள்ளைக்காக ஒரு சொல் சொல்ல முடியாமல் போனதே என்ற அந்த ஆத்திரம் இன்றைக்கும் தீரவில்லை. பக்கத்தில் இருந்த மாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாம் இந்தப் பொம்பளையின் வேலை.

"வண்டியத் திருப்புடா" என்றார் அவர்.

"அம்மா, நீ சும்மா இரு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்குன்னு சொல்லித்தான்டா ஒங்கப்பன் என்னையக் கூட்டிக்கிட்டுப் போனாரு. பட்டுச்சேல கட்டிக்கிட்டுப் போனேன். ஒனக்கு ஒரு தங்கச்சி இருந்திருப்பா." குரல் உயரவே இல்லை. "நீ போன எடுத்துக்கிட்டு வாசலுக்கு ஓடறப்பவே எனக்குப் பட்டுச்சு. ஒன்ன நம்பாமத்தான் நான் கூட வந்தேன். திருப்பு. இல்லீன்னா கதவத் தொறந்து குதிச்சிருவேன்."

அவர் கை கதவுப் பிடியில் இருந்தது. கார் வேகம் குறைந்தது. அடுத்த திருப்பத்தில் என் வீட்டுக்காரர் வண்டியைத் திருப்பினார்.

மாமியார் முந்தானையால் என் தாடையைத் துடைத்துவிட்டார். நான் அழுதேன். பிறகு ஜன்னலோரம் நகர்ந்து, வழியில் வந்த ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் விடாமல் படித்துக்கொண்டு வந்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பலகை வரும்போதும் என் கையை அழுத்தி, "இது நம்மூரு வழிதான, கண்ணு?" என்று கேட்டார். பேச முடியாத நான் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினேன்.