அனல் அண்ணனைக் குளிரவைத்த கதை

பேக்கரியின் பின்கட்டில், பெரிய அடுப்புக்கு முன்னால் இருபத்திரண்டு வருஷமாக நின்றவர் அனல் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. நரகம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், "உள்ள வாங்க, காட்டுறேன்" என்பார். அடுப்புக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கடவுளைக் கூப்பிடுவார். கடவுளும் அந்த வெக்கையில் வந்து நின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மனிதர் இத்தனை வருஷம் ஒருவரையும் அதட்டாமல் இருக்க முடியுமா?

புதிதாக வந்த மேனேஜருக்குப் பேப்பரில் வந்ததெல்லாம் வேதவாக்கு. வெப்பம் ஏறினால் மனிதனுக்கு வெறி ஏறும், அடிதடி கூடும் என்று ஒரு நாள் படித்துவிட்டார். படித்த கையோடு பின்கட்டை எட்டிப் பார்த்தார். அங்கே அனல் அண்ணன். கையில் ரொட்டி எடுக்கும் ஆறடி மரப்பலகை. மேனேஜர் இரண்டடி பின்வாங்கினார்.

"அண்ணே, நாளையிலேர்ந்து நீங்க க்ரீம் ரூம்."

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"இன்னும் பண்ணலை. பண்றதுக்குள்ள மாத்துறேன்."

க்ரீம் ரூமில் ஏசி பதினாறில் ஓடியது. அங்கே கேக்குக்குப் பூ வைப்பவர்கள் இரண்டு ஓரகத்திகள். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள்.

"பூவா இது? பூசணிக்காயை மிதிச்ச மாதிரி இருக்கு."

"உன் மூஞ்சியைப் பார்த்துத்தான்டி வெச்சேன்."

அடுப்படியாக இருந்தால் பாதியில் மூச்சு வாங்கிச் சண்டையை விட்டிருப்பார்கள். குளிரில் தெம்புக்கு என்ன குறை?

அனல் அண்ணனுக்கு விரல் விறைத்துப்போனது. அவர் வைத்த பூவைப் பார்த்ததும் ஓரகத்திகள் சண்டையை மறந்து சேர்ந்து சிரித்தார்கள். ஆறாம் நாள் க்ரீம் கிண்ணம் சுவரில் போய் மோதியது. எறிந்தவர் அனல் அண்ணன்.

மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பார்த்தீங்களா! இத்தனை வருஷம் உள்ள போன சூடு இப்பத்தான் வெளிய வருது. இன்னொரு தடவை நடந்தா வேலை கிடையாது."

அன்று வீட்டில் தண்ணீர்ச் செம்பும் பறந்தது. விடிந்ததும் அவர் சம்சாரம் நேரே மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"சார், இருபத்திரண்டு வருஷமா பதமா வேகவெச்சு வீட்டுக்கு அனுப்புனீங்க. இப்ப ஆறு நாளா பச்சையா வருது. தயவுசெஞ்சு அடுப்புக்கே அனுப்பிடுங்க."

"அடுப்புல நின்னா கோபம் வரும்மா. பேப்பர்லயே போட்டிருக்கான்."

"எழுதுனவன் சம்சாரத்தைக் கேட்டுப் போட்டானா?"

"சரி, ஒரு நாள் பார்க்கிறேன். கோபம் வந்துச்சு, சீட்டுக் கிழிஞ்சிடும்."

அனல் அண்ணன் அடுப்புக் கதவைத் திறந்தார். வெக்கை முகத்தில் அடித்தது. ஆறு நாள் விறைப்பு தோளிலிருந்து இறங்கியது. நாலடி தள்ளி, தப்பித்து ஓட வசதியாக வாசற்படியில் நின்றபடி மேனேஜர் கேட்டார்:

"அண்ணே, கோபம் வருதா?"

"அதுக்கு ஏது சார் நேரம்? ரொட்டி கருகுது, கொஞ்சம் தள்ளுங்க."