சந்தனம் அடைத்த குழாய்

திண்டுக்கல்லில் பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க்குகளுக்கு வெல்டிங் வைப்பது என் தொழில். வேலை சுத்தமான ஆள் என்று பேர் வாங்கியவன். அந்தப் பேர் போன கதை இது.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போடும் முருகேசன், பண்ணைக்குட்டையில் மோட்டாரைத் தாங்கி நின்ற இரண்டு பிளாஸ்டிக் மிதவைகளை வேனில் கொண்டுவந்து இறக்கினார்.

"அண்ணே, ஆள் ஒக்கார்ற மாதிரி நீர்மூழ்கி ஒண்ணு செஞ்சிருக்கேன். இதை ரெண்டு பக்கமும் கட்டணும். மிதக்கவும் செய்யணும், முங்கவும் செய்யணும்."

சிரித்தேன். ஆனால் எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. மிதவைக்கு அடியில் தண்ணீர் ஏற ஓட்டை. மேலே காற்று வெளியேற அரை இஞ்ச் குழாய், அதைத் திறந்து மூட ஒரு பால் வால்வு. வால்வுக் கம்பி உள்ளே இருப்பவர் கைக்கு எட்டும். காற்று போனால்தான் தண்ணீர் ஏறும். இரண்டிலும் சமமாக ஏற வேண்டும்.

வெள்ளோட்டம் அவர் தோட்டத்துக் கிணற்றில். பொட்டு வைக்காமல் எந்த மெஷினையும் நான் ஓடவிட்டதில்லை. மிதவை, வால்வு, குழாய் என்று சந்தனத்தைத் தாராளமாக அப்பினேன். வெயிலில் காய்ந்து இறுகியது.

முருகேசன் உள்ளே ஏறி உட்கார, தூர்வாரும் கிரேனில் கட்டி இறக்கினோம். தண்ணீரைத் தொட்டதும் கயிற்றைக் கழற்றச் சொன்னேன்.

"கயிறு கெடக்கட்டும்ணே. அவரு உள்ள இருக்காருல்ல" என்றார் முருகேசனின் மனைவி செல்வி.

"ஏத்தா, கயிறு கட்டி விட்டா அது நீர்மூழ்கியா, வாளியா?"

கூட்டம் சிரித்தது. செல்வி நகரவில்லை. கிரேன்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றை அப்படியே விட்டார்.

முருகேசன் உள்ளிருந்து வால்வுகளைத் திறந்ததும் வலது மிதவையில் தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. இடது மிதவையில் ஏறவே இல்லை. நீர்மூழ்கி வலப்பக்கம் சரிந்து புரண்டது. உள்ளிருந்து தகரத்தை அடிக்கும் சத்தம்.

"தூக்குங்கய்யா! தூக்குங்க!" செல்வி கத்தினார்.

தூக்கி மூடியைத் திறந்தபோது, உள்ளே வைத்திருந்த பேட்டரி சரிந்து விழுந்த தோளைப் பிடித்துக்கொண்டு முருகேசன் பேச்சில்லாமல் கிடந்தார்.

வால்வு கோளாறு என்றார்கள். வால்வு திறந்துதான் இருந்தது. இடது குழாயின் வாயில் சந்தனக் கட்டி, அதன்மேல் என் விரல் வைத்த குங்குமம். எல்லோரும் பார்த்தார்கள். செல்வியும் பார்த்தார்.

"சாமிக்கு வச்சதுதானண்ணே, விடுங்க" என்றார் முருகேசன், குரல் வந்ததும். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் உடம்பே கூசிப்போனது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்: பொட்டு வையுங்கள், ஆனால் ஓட்டையைப் பார்த்து வையுங்கள். பயப்படுகிறவரைக் கேலி செய்யாதீர்கள்.

தோள் சரியானதும் முருகேசன் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை கயிற்றை நானே மாட்டினேன். செல்வி சந்தனக் கிண்ணத்தோடு வந்து, விரலை நீட்டியபடி நின்றார்.

"அண்ணே, இங்கிட்டு வைக்கலாமா? ஓட்டை எதுவும் இல்லையே?"

கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். நான் தலை நிமிராமல் இடத்தைக் காட்டினேன்.