நடுப்பகலில் ஏறிய கீரைப் பானை

உலை வைப்பவன் பிறருடைய உடம்பைக் கட்டுகிறவன். ஆயினும் மதில் கட்டும் கொத்தனுக்குக் கிடைக்கும் மரியாதையில் காற்பங்குகூட அவனுக்குக் கிடைப்பதில்லை. ஊருக்குச் சோறாக்கி, உண்டவர் வாயாலேயே குறை கேட்ட அன்பர்களே, உங்களை எண்ணியே இவற்றை எழுதுகிறேன். கூடலூருக்கு மேலே மலையில் அணை வேலை நடந்த காலத்தில், கல் உடைக்கும் கூட்டம் ஒன்றுக்கு நான் சமையற்காரனாயிருந்தேன்.

நெல்லுச்சோறு

பள்ளத்தாக்கில் கம்பும் கேழ்வரகும் உண்டு வளர்ந்தவர்களுக்கு நெல்லுச்சோறு என்பது திருநாட் பண்டம். மலையேறினால் நாள்தோறும் திருநாள் என்று நம்பியே அவர்கள் வந்திருந்தார்கள். நான் முதல் நாள் களி கிண்டி, மொச்சைக் குழம்பும் காயும் வைத்தேன். ஒருவரும் கை நனைக்கவில்லை.

நான் அஞ்சவில்லை, எழுந்து நின்று ஓர் உவமை சொன்னேன். “நீங்கள் கட்டும் மதிலைப் பாருங்கள். சோறும் களியும் வேலையாளின் தெம்பு. பருப்பும் மொச்சையும் கல். தேய்ந்த சதையை அவையே மீண்டும் கட்டும். எண்ணெய் உடம்பின் சூட்டைக் காக்கும். கீரையும் காயும் சுண்ணாம்பு. கல் எவ்வளவு இருந்தாலும் சுண்ணாம்பில்லாத மதில் சரியும். நீரும் உப்பும் இல்லையேல் அந்தச் சுண்ணாம்பும் குழையாது.” சிலர் தலையசைத்தார்கள். வெற்றி கண்டதாக எண்ணினேன். அப்போது மாயாண்டி என்ற கல்லுடைப்பவன் கையைத் தூக்கிச் சொன்னான்: “மதிலு எங்களப் போல பசிச்சு அழுகாதுண்ணே. நெல்லுச்சோத்தப் போடுங்க.”

அட்டைக்கு எண்ணெய்

பருப்போடு நெல்லுச்சோறு என்று உடன்பாடாயிற்று. மழை பிடித்ததும் காட்டில் அட்டைகள் பெருகின. குழம்பில் ஊற்றவிருந்த நல்லெண்ணெயைத் தங்களுக்கே அளந்து கொடுத்துவிடும்படி ஆட்கள் கேட்டார்கள். புகையிலையை அதில் ஊறவைத்துக் காலில் பூசினால் அட்டை ஏறாதாம். “எண்ணெய் வயிற்றுக்குள் போனால்தான் கீரையின் சத்தும் காயின் சத்தும் உடம்பில் ஒட்டும், காலில் பூசினால் வழியில் உள்ள புல்லுக்கே ஒட்டும்” என்று வாதாடினேன். மாயாண்டி தன் காலைத் தூக்கிக் காட்டினான். கெண்டைக்காலில் அட்டைகள் கொழுத்துத் தொங்கின. “எண்ணெயக் குடிச்சு நான் ரத்தம் ஊறவைக்கிறது, அத இதுக குடிக்கிறது. நீங்க ஆருக்குண்ணே சமைக்கிறீக?”

காய்ச்சிய நீர்

காய்ச்சல் பரவிய வாரத்தில், ஓடைநீரைக் கொதிக்கவைத்து உப்பும் சீரகமும் இட்டுக் கொடுத்தேன். வியர்வையில் நீரோடு உப்பும் போய்விடுகிறது. இரண்டையும் திருப்பி ஊட்டாவிட்டால் கை கால்கள் இழுத்துக்கொள்ளும். கூட்டத்துக்குக் கங்காணியான வீரணன் முதலில் குடித்துக் காட்டினால் மற்றவர்களும் குடிப்பார்கள் என்று சொம்பை அவரிடம் நீட்டினேன். அவர் முகர்ந்து பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “காச்சுன தண்ணியக் குடிக்க நான் என்ன, பிள்ளையப் பெத்துப் படுத்திருக்கேனா?”

பல்லில் பட்ட கல்

அன்பர்களே, சிரித்தது போதும். இனிச் சொல்வது சவரிமுத்துவைப் பற்றி. உத்தமபாளையத்துப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடியானவன். உளி பிடித்தால் அவன் கைக்கு ஈடில்லை. தை மாதத்து மாலையொன்றில் சோற்றில் ‘நறுக்’கென்று ஒரு சத்தம். அன்றைய அரிசியில் கல் மிகுதி. மற்றவர்கள் விளக்கொளியில் பொறுக்கி இலையோரம் வைத்திருந்தார்கள். அவன் ஒருவனே கடித்துவிட்டான். விளக்கை அருகே கொண்டுபோனேன். அவன் கண் விளக்கைத் தேடித் தடுமாறியது. மாலைக்கண்!

வேலை முடிந்து குடிசைக்கு வரும் வழி, பள்ளத்தின் விளிம்பில் ஒற்றையடிப் பாதை. முன்னே போகிறவன் தோள்துண்டைப் பிடித்துக்கொண்டு அவன் எத்தனை மாலை நடந்து வந்தானோ! வீரணன் கேள்விப்பட்டு, “நாளைக்கே மலையெறங்கட்டும்” என்றார். இறங்கினால் பிழைப்புப் போகும். இருந்தால் ஒருநாள் உயிரே போகும். சவரிமுத்து கங்காணியை விட்டு என்னிடம் திரும்பினான்: “பகல்ல பருந்து மாதிரி பாக்குறேண்ணே. பொழுதுதான் என்னய விட்டுட்டு ஓடிருது.”

ஈரலும் தபசும்

அவனைக் கெட்ட கண்ணோடு இறக்குவதில்லை, தெளிந்த கண்ணோடு இங்கேயே இருத்துவது என்று உறுதிகொண்டு, வீரணனிடம் சில நாள் தவணை வாங்கினேன். மாலைக்கண்ணுக்கு ஆட்டீரல் நல்லதென்பதை எங்கள் பக்கத்தில் அறியாதார் இல்லை. காவல் தெய்வத்துக்கு அந்த வாரம் கடா வெட்டினார்கள். ஈரல் கங்காணியின் பங்கு. முன்னும் பின்னும் நடந்து, கெஞ்சி, கடிந்து, அதைப் பெற்றுவந்தேன், சுட்டு வைத்தேன். சவரிமுத்து இலையைத் தள்ளிவிட்டான். கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் நோன்பான தபசுகாலம் தொடங்கிவிட்டதாம், இயேசு உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாள் வரையில் சுத்தபோசனம், இறைச்சியைத் தொடலாகாது.

“எம் பங்கு ஈரலக் குடுத்தும் வேணாங்கிறானே, எம்புட்டுத் திமிரு!” என்று வீரணன் குதித்தார். நோயாளிக்கு விலக்கு உண்டே என்று நானும் எடுத்துச் சொன்னேன். அவன் அமைதியாகச் சொன்னான்: “கண்ணு போனா இந்த ஒலகந்தாண்ணே தெரியாது. விரதமும் போனா அந்த ஒலகமும் தெரியாமப் போயிரும்.”

பொழுது சாய்ந்தபின்

மிஞ்சியது கீரை. அங்கேதான் என் மூளைக்கு அடி விழுந்தது. இரவில் கீரை உண்ணலாகாது என்பது எங்கள் எல்லாருக்கும் பொதுவான விதி. பகலில் ஆட்கள் கலயத்துப் பழைய கஞ்சியோடு வேலைக்குப் போய்விடுவார்கள். உலைச்சோறு உண்பது விளக்கு வைத்த பின்புதான். ஆகவே நான் உவமையில் அத்தனை உயர்த்திப் பேசிய சுண்ணாம்பாகிய கீரை மாதக்கணக்காக எவன் வயிற்றுக்குள்ளும் போகவில்லை! அதை மாற்ற நினைத்து அன்று மாலையே கீரை வைத்தேன். இருட்டில் எதுவும் தெரியாத சவரிமுத்துகூட மணத்தைக் கொண்டே கையை இழுத்துக்கொண்டான்.

விதி அசையாதென்றால் பானை அசையட்டும் என்று துணிந்தேன். கூடலூர் வண்டிக்காரர்களிடம் முருங்கைக்கீரை சொல்லிவைத்தேன். ஓடையோரம் பொன்னாங்கண்ணி பறித்தேன். பருப்புச் சேர்த்து, எண்ணெய் தாராளமாக விட்டுக் கடைந்து, நடுப்பகலில் பானையை நானே தலையில் ஏற்றி, கல் வெட்டும் இடத்துக்கு நடந்தேன். வேலை கெடும் என்று வீரணன் மறித்தார். “கஞ்சி குடிக்கும் நேரத்துக்குள் ஊற்றிவிடுவேன். பாஸ்குவரை பொறுங்கள்; அதற்குள் இவனுக்குக் கண் தெளியாவிட்டால், இவனோடு நானும் இறங்குகிறேன்” என்றேன். அவர் வழி விட்டார், வாயை விடவில்லை. “தின்னுங்கடா, தின்னுங்க. நாளைக்கு உளியப் போட்டுட்டு மே... மேன்னு கத்துங்க.”

நற்சான்று

வெயிலில் பானை சுமந்து என் உச்சி காய்ப்பேறியது. சவரிமுத்து மாலைதோறும் துண்டைப் பிடித்தபடியே வந்தான். பாஸ்குவுக்கு முந்திய குருத்தோலை ஞாயிறும் கழிந்தது. நான் துணிமணிகளை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன்; ஆனால் பானையை ஒருநாளும் நிறுத்தவில்லை.

பாஸ்குவுக்கு மூன்று நாள் இருக்க, பெரிய வியாழனன்று பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாதையில் ஆட்கள் இறங்கி வந்தார்கள். கடைசியாக வந்தவனை இன்னாரென்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் ஒருவர் துண்டையும் பிடிக்காமல், கையை வீசி நடந்து வந்தான். உட்கார்ந்தான். சோறு போட்டேன். விளக்கு இன்னும் ஏற்றவில்லை. சவரிமுத்து இலையைக் குனிந்து பார்த்து, இரண்டு விரலால் எதையோ எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான்: “பகல் முச்சூடும் கல்லுதான் ஒடைக்கிறேன். ராத்திரிக்கும் கல்லையே போடுறீகளேண்ணே!”

சமையற்காரனுக்கு நற்சான்று என்றைக்கும் குறை வடிவத்திலேயே வந்து சேரும்; அதைத் தலைவணங்கி வாங்கிக்கொண்டு, மறுநாள் அரிசியை இன்னொரு தரம் அரித்துப் போடுவதே அவன் கடமை.