ஆண்டியப்பன் கழித்த ஐந்து றாத்தல்

றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த அழகையா மாஸ்டரிடம், வாழ்க்கையில் யாருக்கு நன்றி சொல்வீர்கள் என்று கேட்டால், அவர் முதலில் சொல்லுகிற பெயர் ஆண்டியப்பன். தோட்டத்து ஆட்கள் அதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். ஒரு காலத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வராதா பின்னே? பெண்கள் பறித்து வருகிற தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற மடுவக் கொட்டகையில், தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் அவர். நாற்பத்தெட்டில், நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம், அந்த வேலையில் சேர்ந்தார். கூடையைக் கொக்கியில் மாட்டுவார், முள்ளைப் பார்ப்பார், கூடைக்கும் ஈரத்துக்கும் மனசுக்குள்ளேயே கழித்துவிட்டு மிச்சத்தை உரக்கக் கூவுவார். அதைக் கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்வார். கூலி அந்தக் கணக்குக்குத்தான். இவ்வளவு கழி என்பது ஆபீஸ் உத்தரவு. ஆனால் சாபமெல்லாம் ஆண்டியப்பனுக்கு. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அவர் பக்கத்தில் உட்கார ஆட்கள் யோசிப்பார்கள். அவரும் கண்டுகொள்ளாத மாதிரி வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொள்வார். பெரிய அயோக்கியர் என்றெல்லாம் சொல்ல முடியாது. நம்மில் பாதிப் பேரைப் போல, சொன்னதைச் செய்துவிட்டுப் போகிறவர்.

ஐம்பத்தேழாம் வருடம் அட்டன் மைதானத்தில் பள்ளிக்கூடங்களுக்கான விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளைச் சேர்க்க முதலில் இஷ்டமில்லை. பாதிப் பேருக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை, வயதை எதை வைத்து நம்புவது என்று கேட்டார்கள். மாஸ்டர் நடையாய் நடந்தார். யார் யார் காலிலோ விழாத குறை. கடைசியில், வயது வேண்டாம், எடையைப் பார்த்துப் பிரிக்கலாம் என்று இறங்கி வந்தார்கள். எழுபது றாத்தலுக்குக் கீழே சின்னப் பிரிவு, அதற்கு மேலே பெரிய பிரிவு. எடையை அந்தந்தப் பள்ளிக்கூடமே நிறுத்து எழுதிக் கொண்டுவர வேண்டும். பொய் எடை கொண்டுவந்தால் அந்தப் பள்ளிக்கூடம் அதற்குப் பிறகு மைதானத்தை மிதிக்கவே கூடாது.

பள்ளிக்கூடத்தில் தராசுக்கு எங்கே போவது? மாஸ்டர் ஆண்டியப்பனிடம் போய் நின்றார். அன்றைக்குத் தூறல். பிள்ளைகள் நனைந்துகொண்டே மடுவத்துக்கு ஓடி வந்தார்கள். கொக்கியில் ஒரு சாக்கைக் கட்டி, ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி உட்கார வைத்தார் ஆண்டியப்பன். ஊஞ்சல் கிடைத்த சந்தோஷம் பிள்ளைகளுக்கு. அவர் கூவக் கூவ, மாஸ்டர் எழுதிக்கொண்டார்.

அட்டனுக்கு லொறியில் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெண்களும் ஏறிக்கொண்டார்கள், ஆண்டியப்பனும் ஒரு மூலையில் தொற்றிக்கொண்டார். சின்னப் பிரிவு உயரம் பாய்தலில் கொழுந்து பறிக்கிற காளியாயியின் மகள் நாகலெட்சுமி கம்பை அனாயாசமாகத் தாண்டினாள். மற்றப் பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்கள். இவ்வளவு வளர்ந்த பெண் சின்னப் பிரிவா என்று டவுன் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் முறையிட்டார். தலைமை நடுவர் சிதம்பரநாதன் கடைத்தெருவிலிருந்து உருளைக்கிழங்கு நிறுக்கிற தராசைக் கொண்டுவரச் சொன்னார். நாகலெட்சுமியை ஏற்றி நிறுத்தால், எழுதியிருந்ததைவிட ஐந்து றாத்தல் கூட. மற்றப் பிள்ளைகளையும் ஏற்றினார்கள். எல்லாருக்கும் எடை கூடத்தான் வந்தது.

கையெழுத்து மாஸ்டருடையது. எப்படி நடந்தது என்று அவருக்கே விளங்கவில்லை, மற்றவர்களுக்கு என்ன சொல்லுவார்? சத்தியம் செய்து பார்த்தார், எடுபடவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம், இனிமேல் வரவும் வேண்டாம் என்று சிதம்பரநாதன் பேனாவைத் திறந்தார்.

அப்போது கயிற்றைத் தாண்டிக்கொண்டு ஆண்டியப்பன் உள்ளே வந்தார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது.

"ஐயா, மாஸ்டர் மேல குத்தம் இல்லீங்க. நான்தான் கழிச்சுப்புட்டேன். கூடைக்கும் தண்ணிக்கும் அஞ்சு றாத்தல். பழக்கத்துல வாய் தானா சொல்லிருச்சுங்க."

"பிள்ளைக்கு ஏதப்பா கூடை?" என்றார் சிதம்பரநாதன்.

மைதானமே சிரித்தது. லொறியில் வந்த பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை. வெறும் கூடையே ரெண்டு றாத்தல்தானே, மிச்ச மூணும் தண்ணியா என்று காளியாயி கேட்டாள். ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டு, வெயில் நாளிலும் அஞ்சுதான் கழிக்கச் சொல்லுவார்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

சிதம்பரநாதன் எடைகளைத் திரும்ப ஒரு தரம் பார்த்தார். ஏமாற்ற நினைக்கிறவன் தனக்கு வேண்டிய பிள்ளைக்குத்தான் குறைப்பான். இங்கே பெரிய பிரிவில் இருக்கிற குண்டுப் பையனுக்கும் அதே ஐந்து குறைந்திருக்கிறது, அதனால் யாருக்கு என்ன லாபம்? இது அளவில் வந்த பிழை, நேர்மையில் வந்த பிழை இல்லை என்று மற்ற நடுவர்களிடம் சொல்லி, எல்லாருக்கும் ஐந்தைக் கூட்டிப் பிரிவை மாற்றி எழுதினார். பள்ளிக்கூடம் தப்பித்தது. நாகலெட்சுமி பெரிய பெண்களோடு பாய்ந்து, மூன்றாவதாக வந்து, லொறியில் வழியெல்லாம் அழுதாள்.

திங்கட்கிழமை மடுவத்தில் பெண்கள் வெறுங்கூடையை முதலில் நிறுத்துக்காட்டச் சொல்லி நின்றுவிட்டார்கள். தோட்டத்துத் துரையே வந்து பார்க்க வேண்டியதாயிற்று. கழிவு இரண்டு றாத்தலாக இறங்கியது. ஆபீஸின் கோபமெல்லாம் ஆண்டியப்பன் தலையில் விடிந்தது. தராசை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, அவர் கையில் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தார்கள். அந்த வயதில் மலையேறித் தேயிலைச் செடி வெட்டுவது லேசான காரியமா?

மாஸ்டரால் சும்மா இருக்க முடியவில்லை. லயத்துக்குப் போய், என்னால் உங்கள் வேலை போய்விட்டதே என்று கலங்கினார். ஆண்டியப்பன் அவரை உட்கார வைத்து, தேத்தண்ணி வைக்கச் சொன்னார்.

"பொம்பளைங்க கூடையில கழிச்சப்ப எனக்கு உறைக்கல மாஸ்டர். பிள்ளைங்களக் கழிச்சேன்னு தெரிஞ்சப்பதான் உறைச்சிச்சு. நல்லதுக்குத்தான் கூப்பிட்டீங்க."

அடுத்த வருடமும் போட்டி வந்தது. இந்தத் தடவை கடைத்தெருத் தராசை வாடகைக்கு எடுத்தாயிற்று. ஆனால் முள்ளைப் பார்த்துச் சொல்ல நம்பிக்கையான ஆள் வேண்டும். மாஸ்டர் பெற்றோரைக் கூட்டிக் கேட்டார். மனதில் ஒரு பெயர் இருந்தது, வாய்விட்டுச் சொல்லப் பயம். காளியாயிதான் எழுந்தாள். ஒன்பது வருடம் அவரிடம் கழிவு கொடுத்தவள், எல்லாரையும்விட அதிகமாகச் சபித்தவள்.

"ஆண்டியப்ப அண்ணனையே கூப்பிடுங்க மாஸ்டர். வேற யாரும் எங்க பிள்ளைங்கள நிறுக்க வேணாம்."

மலைக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். ஆண்டியப்பன் கத்தியை வாசலில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். முதலில் நாகலெட்சுமியை ஏற்றி, முள் நிற்கும்வரை பொறுத்துப் பார்த்து, எடையைக் கூவினார். மாஸ்டருக்குக் கண்ணை நீர் மறைத்துவிட்டது. இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.